அழுக்கில்ல மச்சான்... அலாரம்!

கழுத்தில் கறுப்புப் பட்டை, இடுப்பில் டயர், ரிப்போர்ட்டில் மட்டும் 'சுகர் நார்மல்'! இந்த மூணுக்கும் நடுவுல சத்தமில்லாம ஓடுற ஒரு கதை... ஒரு 'புளிமூட்டை'யின் சொந்த வாக்குமூலம்!

''டேய் புளிமூட்டை... கழுத்தைத் தேய்ச்சுக் குளிடா!''

ஒன்பதாம் வகுப்புலேர்ந்து நான் கேட்டு வளர்ந்த டயலாக் இது. பின்கழுத்துல கறுப்பா, வெல்வெட் துணி மாதிரி ஒரு பட்டை. அம்மா சும்மா இருப்பாங்களா? கடலை மாவு, எலுமிச்சம்பழம், பீர்க்கங்காய் நார்னு ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கழுத்து மேல ஒரு யுத்தமே நடக்கும். ''கொஞ்சம் பொறுத்துக்க சாமி, இன்னிக்குப் போயிரும்''னு தேய்ப்பாங்க. தோல் எரிஞ்சதுதான் மிச்சம். கறுப்பு அப்படியே இருந்துச்சு. அதனால, காலர் வெச்ச சட்டை மட்டுமே போடுவேன். குரூப் போட்டோன்னா கடைசி வரிசை. இதுதான் என் ஸ்டைல்!

காலேஜ் மூணாவது வருஷம். கேம்பஸ்ல என்.எஸ்.எஸ். ரத்ததான முகாம். ஓ.டி. கிடைக்கும், ஜூஸ் கிடைக்கும்னு கிளம்பின கும்பல்ல நானும் ஒருத்தன். ரத்தம் கொடுத்துட்டு பிஸ்கட்டைப் பிரிக்கும்போது, அங்கே இருந்த டாக்டர் மேடம் கூப்பிட்டாங்க.

''தம்பி, கழுத்துல இது எத்தனை வருஷமா இருக்கு?''

''அது அழுக்கு மேடம். எவ்ளோ தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.''

''அழுக்குன்னா தேய்ச்சா போயிருக்குமேப்பா! வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா?''

கையில இருந்த பிஸ்கட் கையிலேயே நின்னுடுச்சு.

அப்பாவுக்கு இருக்கு. ஒட்டன்சத்திரத்துல காய்கறி கமிஷன் மண்டியில கணக்கு பார்க்கிறார். நான் ஏழாவது படிக்கும்போது அவருக்கு வயசு 39. கால்ல பைக் சைலன்ஸர் சுட்ட புண், ஒன்றரை மாசமாகியும் ஆறவே இல்லை. அப்பதான் டெஸ்ட் எடுத்தாங்க. சர்க்கரை 340! நான் காலேஜ் சேர்ந்த வருஷம், அதே கால்ல இன்னொரு புண். இந்த முறை சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிடுச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு அப்பா என்கிட்ட சொன்னது இப்பவும் காதுல இருக்கு... ''ஒரு விரல்தானே தம்பி. மண்டிக்குப் போக மிச்சம் ஒன்பது இருக்குல்ல?''

டாக்டர் மேடம் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. ''நாளைக்கு வெறும் வயித்துல போய் ரத்தம் கொடு. இந்த முறை டெஸ்ட்டுக்கு!''

அஞ்சு சப்ஜெக்ட்ல மூணு அரியர்!

ரிப்போர்ட் வந்துச்சு. வெறும் வயித்துல சர்க்கரை 94. மூணு மாச சராசரியைச் சொல்ற ஹெச்.பி.ஏ.1.சி. 5.6. ரெண்டுமே நார்மல்! விடுவோமா? அன்னிக்கு ராத்திரியே ரூம்மேட்டோட பரோட்டா கடையில் கொண்டாட்டம்.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பெருமையா நீட்டினேன். மேடம் சர்க்கரை இருந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க. டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுத்தினாங்க. 102 சென்டிமீட்டர்.

''அஞ்சு விஷயம் பார்க்கணும்ப்பா. நம்ம ஊர் ஆம்பளைக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 150-க்குள்ள இருக்கணும். ஹெச்.டி.எல்.னு சொல்ற நல்ல கொழுப்பு, ஆண்களுக்கு 40-க்குக் குறையக் கூடாது. பி.பி. 130-க்கு 85-ஐத் தொடக் கூடாது. வெறும் வயித்துச் சர்க்கரை நூறைத் தொடக் கூடாது. இதுல மூணு தப்பினா, அதுக்குப் பேர் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்'. உனக்கு இடுப்பு 102, டிரைகிளிசரைடு 212, ஹெச்.டி.எல். 33. கணக்கு போட்டுக்கோ!''

அஞ்சு சப்ஜெக்ட்ல மூணு அரியர்! நான் கொண்டாடினது, பாஸான ரெண்டை மட்டும் பார்த்து.

''அப்ப சுகர் நார்மல்னு வந்துச்சே மேடம்?''

''நார்மலா இருக்கறதுக்கு உன் உடம்பு எவ்ளோ கஷ்டப்படுதுன்னு அந்த டெஸ்ட் சொல்லாது. உன் கழுத்துதான் சொல்லுது!''

வார்டன் கதை

அவங்க விளக்கினதை, எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன் மக்களே.

ராத்திரி மெஸ் முடிஞ்சு பசங்க எல்லாம் ஹாஸ்டல் வராந்தாவுல நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. அந்தக் கூட்டம்தான் சாப்பாட்டுலேர்ந்து ரத்தத்துக்கு வந்த குளூக்கோஸ். வராந்தா, ரத்தக் குழாய். ரூம்கள், நம்ம தசை செல்கள். வார்டன் வந்து கதவைத் தட்டினா ரூம் திறக்கும். பசங்க உள்ளே போவாங்க. வராந்தா காலி. அந்த வார்டன்தான் இன்சுலின். கணையத்துலேர்ந்து வர்ற ஹார்மோன்.

ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு தட்டு தட்டினாலே கதவு திறக்கும். வருஷம் போகப் போக, ரூமுக்குள்ள பெட்டி, படுக்கைனு சாமான் அடைஞ்சு கதவே அசைய மாட்டேங்குது. வார்டன் பத்துத் தடவை தட்டறார். அப்புறம் இருபது. கடைசியில கதவு திறக்கத்தான் செய்யுது. அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வர்றார். வராந்தா காலி! ''ஆஹா, என்ன டிசிப்ளின்!''னு பாராட்டிட்டுப் போயிடறார்.

பிரின்சிபால் பார்த்தது வராந்தாவை. வார்டனோட கை வீங்கியிருக்கறதை யாரும் பார்க்கலை!

இதுதான் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்'. தமிழ்ல, இன்சுலின் எதிர்ப்புத்தன்மை. ரத்தத்துல சர்க்கரை நார்மலா இருக்கும். ஆனா, அதை நார்மலா வெக்க வழக்கத்தைவிட நிறைய இன்சுலினைக் கணையம் சுரக்க வேண்டியிருக்கும். இப்படியே வருஷக்கணக்குல ஓடும். ஒருநாள் கணையத்தோட பீட்டா செல்கள் களைச்சுப் போகும். வார்டன் மெடிக்கல் லீவ்! வராந்தா முழுக்கக் கூட்டம். அன்னிக்குத்தான் ரிப்போர்ட்ல 'டயாபடீஸ்'னு வரும். எங்க அப்பாவுக்கு 39 வயசுல வந்தது, 39 வயசுல ஆரம்பிச்ச கதை இல்லை!

சரி, கழுத்துல ஏன் கறுப்பு? ரத்தத்துல அளவுக்கு மீறி இருக்கற இன்சுலின், தோல் செல்களையும் தூண்டி விட்டுடுது. தோல் தடிச்சு, கறுத்துப் போகுது. கழுத்து, அக்குள் மாதிரி மடிப்புகள்லதான் அதிகம் தெரியும். 'அகான்தோசிஸ் நைக்ரிகான்ஸ்'னு பேர் (வைவா-வுல கேட்டா நான் காலி!). பார்லர்ல பிளீச் பண்ணினாலும் இதுக்குத் தீர்வு கிடையாது. உள்ளே இன்சுலின் இறங்கினாத்தான் வெளியே நிறம் மாறும்.

ஸ்டோர் ரூம் ஃபுல்!

'இன்சுலினுக்கும் தொப்பைக்கும் என்னடா சம்பந்தம்?'னு கேட்கறீங்களா... இருக்கே!

ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் சாமான் வைக்க ஒரு ஸ்டோர் ரூம் இருக்கும். நம்ம உடம்புல அது, தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு. எக்ஸ்ட்ரா கலோரி எல்லாம் அங்கே பத்திரமா போய் உட்காரும். அதுல பெரிய ஆபத்து இல்லை. ஸ்டோர் ரூம் நிறைஞ்சு போச்சுன்னாத்தான் வில்லங்கம். மிச்ச கொழுப்பு, இருக்கக் கூடாத இடத்துக்குப் போகுது. வயித்துக்குள்ள குடலைச் சுத்தி, கல்லீரலுக்குள்ள, தசைக்குள்ள! தசை செல்லுக்குள்ள அடையற கொழுப்பு, இன்சுலின் தட்டற சத்தம் உள்ளே போய்ச் சேராமப் பண்ணிடுது. கல்லீரல் இன்னும் மோசம். 'போதும், சர்க்கரை தயாரிக்காதே'ன்னு இன்சுலின் சொல்றது அதுக்குக் கேட்காது. அதுபாட்டுக்கு ராத்திரியெல்லாம் குளூக்கோஸ் தயாரிச்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும்.

கொழுப்பை வெறும் மூட்டைனு நினைச்சுடாதீங்க பாஸ். 1993-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குண்டு எலிகளை ஆராய்ஞ்சப்போ, கொழுப்புத் திசுவுலேர்ந்து 'டி.என்.எஃப். ஆல்ஃபா'ங்கிற அழற்சிப் பொருள் வெளியாகறதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுக்கறதையும் கண்டுபிடிச்சாங்க. தொப்பை சும்மா தொங்கிட்டு இருக்கலை. உள்ளே மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்கு!

ஒரு இன்ஜினீயர் உடைச்ச உண்மை

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்குக் காலரைத் தூக்கிவிட ஒரு மேட்டர் இருக்கு.

இன்சுலினைக் கண்டுபிடிச்சது 1921-ல், கனடாவோட டொரன்டோவில். அதுக்கப்புறம் 'சர்க்கரை நோய்னா இன்சுலின் பற்றாக்குறை'ன்னுதான் பொதுவா நினைச்சாங்க. 1936-ல் லண்டன் டாக்டர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த், 'சில நோயாளிகளுக்கு இன்சுலின் கொடுத்தாலும் சரியா வேலை செய்யலையே'னு கவனிச்சு எழுதினார். ஆனா, ரத்தத்துல எவ்வளவு இன்சுலின் இருக்குன்னு துல்லியமா அளக்க அப்ப வழியில்லை.

அந்த வழியைக் கொண்டுவந்தவங்கள்ல ஒருத்தர், நியூயார்க்கைச் சேர்ந்த ரோசலின் யாலோ. டாக்டர் இல்லீங்க, இயற்பியல்காரர். ஒரு தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக் கூடத்துல இன்ஜினீயரா வேலை பார்த்த பொண்ணு! சாலமன் பெர்சன்ங்கிற டாக்டரோட சேர்ந்து, கதிரியக்கத்தைப் பயன்படுத்தி இன்சுலினை அளக்கற முறையை உருவாக்கினாங்க. 1960-ல் அளந்து பார்த்தா, அதிர்ச்சி! நடு வயசுல சர்க்கரை நோய் வந்தவங்க பலருக்கு ரத்தத்துல இன்சுலின் குறைவா இல்லை, அதிகமாவே இருந்துச்சு. சரக்கு இருக்கு, வேலை நடக்கலை! 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைச்சப்போ, பெர்சன் உயிரோடு இல்லை.

இதையெல்லாம் ஒண்ணா முடிச்சுப்போட்டு, 1988-ல் ஜெரால்டு ரீவன்ங்கிற அமெரிக்க டாக்டர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'னு பேர் வெச்சார். எனக்கு மூணு அரியர் போட்ட அந்த லிஸ்ட்டோட வேர் அதுதான்.

ஓமக்குச்சிக்கும் ஆப்பு!

ரூமுக்கு வந்து நான் சோகமா உட்கார்ந்திருக்க, ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் பட்டப்பேர் ஓமக்குச்சி. கையும் காலும் தீக்குச்சி மாதிரி இருக்கும். ''எனக்கெல்லாம் அந்தப் பிரச்னையே இல்ல மச்சான்''னு டயலாக் வேற. ''வா மாப்ள''ன்னு டேப்பைச் சுத்தினேன். 92! சட்டைக்குள்ள ஒரு குட்டி தொப்பை பதுங்கியிருந்துச்சு. சிரிப்பு நின்னுடுச்சு.

இது அவனோட தனிப்பட்ட சொத்து இல்லை, நம்ம நாட்டுச் சொத்து. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஒருத்தர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். இன்னொருத்தர் லண்டன் டாக்டர் யுட்கின். உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடற பி.எம்.ஐ. கணக்குல ரெண்டு பேருக்கும் ஒரே மார்க், 22.3. ஆனா உடம்புல கொழுப்பை அளந்தா, யுட்கினுக்கு 9.1 சதவிகிதம். நம்மாளுக்கு 21.2 சதவிகிதம்! ஒரே மார்க்குல டபுள் கொழுப்பு. வெளியே ஒல்லி, உள்ளே குண்டு.

நம்ம ஸ்டோர் ரூம் சின்னது மக்களே! கொஞ்சம் சாமான் சேர்ந்தாலே ரூமுக்குள்ள வழிய ஆரம்பிச்சுடும். அதனாலதான் வெள்ளைக்காரர்களுக்கு பி.எம்.ஐ. 25-ல் அடிக்கிற மணி, நமக்கு 23-லேயே அடிக்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க.

விளைவு? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி, இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். 13.6 கோடிப் பேர் வாசல்ல நிக்கிறாங்க. தமிழ்நாட்டுல வயசுக்கு வந்தவங்கள்ல 14.4 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை. ஏழு பேர்ல ஒருத்தர்! மெஸ்ல நம்ம டேபிளை ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

கேர்ள்ஸ்... ஒரு நிமிஷம்!

இந்தக் கட்டுரை எழுதறேன்னு சொன்னதும் க்ளாஸ்மேட் ஒருத்தி தயங்கித் தயங்கிப் பேசினா. ''எனக்கு பி.சி.ஓ.டி. இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ். முகத்துல பரு, தாடையில முடி. வீட்டுல எல்லாரும் எடை போட்டதைத்தான் திட்டறாங்க. இதுவும் இன்சுலின் சமாசாரம்தான்னு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். பொண்ணுங்களுக்காக இதையும் எழுது''ன்னா.

எழுதிட்டேன். ரத்தத்துல அதிகமா இருக்கற இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமா சுரக்க வெக்குது. அதனால மாதவிலக்கு தள்ளிப் போகுது. பி.சி.ஓ.டி. இருக்கற நிறைய பேருக்குப் பின்னணியில இந்த எதிர்ப்புத்தன்மை இருக்கு. ஒல்லியா இருக்கற பொண்ணுங்களுக்கும் வரலாம். திட்டு வாங்க வேண்டிய விஷயம் இல்லை தோழி, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்!

பின்வாசல் ட்ரிக்

'போதும்ப்பா, பயமுறுத்தாதே'ங்கறீங்களா? இனிமேதான் நல்ல சேதி.

ரூமுக்கு ஒரு பின்வாசல் இருக்கு! தசை வேலை செய்யும்போது, இன்சுலின் தட்டாமலேயே அதுவா கதவைத் திறந்து குளூக்கோஸை உள்ளே இழுத்துக்கும். நடக்கறது, மாடிப்படி ஏறறது, கிரவுண்டுல ஷட்டில் ஆடறது... எல்லாமே அந்தப் பின்வாசல் சாவிதான். ஒரு நாள் நல்லா உடற்பயிற்சி செஞ்சா, அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் வரைக்கும் முன்வாசல்லயும் இன்சுலின் பேச்சுக்கு மரியாதை கூடும். வார்டனுக்கு ரெஸ்ட்!

2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வுல, சர்க்கரையோட வாசல்ல நின்ன மூவாயிரத்துக்கும் அதிகமானவங்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் நடை, எடையில 7 சதவிகிதம் குறைக்கறது. இதுதான் டார்கெட். இதைப் பின்பற்றின குரூப்புல சர்க்கரை நோய் வர்றது 58 சதவிகிதம் குறைஞ்சுது. நம்ம சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வெச்சு செஞ்ச ஆய்வு 2006-ல் வந்துச்சு. மூணு வருஷத்துல, சும்மா விட்ட குரூப்புல 55 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. நடை, சாப்பாட்டை மாத்தின குரூப்புல 39.3 சதவிகிதம் பேருக்குத்தான் வந்துச்சு. இத்தனைக்கும் அவங்களுக்கு எடை பெரிசா குறையவே இல்லை! 'வெயிட் மெஷின் முள்ளு நகரலையே'னு வாக்கிங்கை நிறுத்தற நண்பர்கள் கவனிக்க.

அடுத்து, நைட் அவுட் பார்ட்டிகளுக்கு! 1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துல, ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி வெறும் நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. ஆறே நாள்ல, அவங்க உடம்பு சர்க்கரையைக் கையாள்ற திறமை கீழே போயிடுச்சு. நாம செமஸ்டர் பூரா அதைத்தானே செய்யறோம்?

டேப் எடு கண்ணா!

* தொப்புள் பக்கம், மூச்சை இழுத்துப் பிடிக்காம அளக்கணும் (ஏமாத்தினா உனக்குத்தான் நஷ்டம்!). பசங்களுக்கு 90, பொண்ணுங்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா கவனம்.

* கழுத்து, அக்குள்ல வெல்வெட் மாதிரி கறுப்பு இருந்தா தேய்க்காதே, டாக்டர்கிட்ட காட்டு. கறுப்பா இருக்கறதெல்லாம் இதுவாத்தான் இருக்கணும்னு இல்லை. ஆனா, முடிவு பண்ண வேண்டியது டாக்டர்.

* அப்பா, அம்மாவுக்கு சுகர் இருந்தா, 'நமக்கு வயசிருக்கு'ன்னு டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதே. சர்க்கரையோட கொழுப்பு டெஸ்ட்டையும் சேர்த்து எடு.

* ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா, அஞ்சு டீக்கு பத்து ஸ்பூன். ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம்.

* தட்டுல சோறு மலை மாதிரி, பொரியல் ஊறுகாய் மாதிரி... இதைத் திருப்பிப் போடு. சுண்டல், முட்டை, பயறு பக்கம் கை போகட்டும்.

* பட்டினி, பவுடர், 'பத்து நாள்ல பத்து கிலோ' விளம்பரம்... கும்பிடு போட்டு ஓடிடு!

ஆறு மாசம் கழிச்சு...

ஹீரோ கதையெல்லாம் இல்லை. ஆறு மாசத்துல 88 கிலோவுலேர்ந்து 81-க்கு வந்திருக்கேன். இடுப்பு 102-லேர்ந்து 95. இன்னும் பாஸ் மார்க் வாங்கலை. டிரைகிளிசரைடு அரியர் மட்டும் க்ளியர். பரோட்டாவை முழுசா விடலை, மாசத்துக்கு ஒரு தடவைன்னு டீல். ஓமக்குச்சியும் நானும் ராத்திரி மெஸ் முடிஞ்சதும் ஹாஸ்டலைச் சுத்தி அரை மணி நேரம் நடக்கறோம். முதல்ல கிண்டலடிச்ச பசங்கள்ல நாலு பேர் இப்ப எங்களோடதான் வர்றாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ஆறு வருஷமா 'புளிமூட்டை'னு கூப்பிட்டதுல என் எடை ஒரு கிராம்கூட குறையலை. 'அழுக்கு'ன்னு சொல்லாம, 'எத்தனை வருஷமா இருக்கு?'ன்னு அக்கறையா ஒருத்தர் கேட்டாங்க பாருங்க... அன்னிக்குத்தான் எல்லாமே ஆரம்பிச்சுது. உங்க க்ளாஸ்லயும் ஒரு புளிமூட்டை இருப்பான். கிண்டலைக் குறைச்சுட்டு, வாக்கிங் கூப்பிட்டுப் பாருங்களேன்!

போன லீவுல ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலையில அப்பா எம்.சி.ஆர். செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார். விரல் போனதுலேர்ந்து ஒரு பக்கமா சாய்ஞ்சுதான் நடப்பார். அதனால நானும் வேகத்தைக் குறைச்சுக்கிட்டுக் கூடவே நடந்தேன். அம்மா பின்னாடி வந்து என் கழுத்தைப் பார்த்துட்டு, ''என்ன சாமி, கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கு... என்ன சோப்பு போடறே?''ன்னாங்க.

அப்பாதான் பதில் சொன்னார். ''சோப்பு இல்ல புள்ள, செருப்பு!''

ஒரு டேப் இருந்தா இடுப்பை அளந்துடலாம் மக்களே. விரலை எண்ணிப் பார்க்கற நிலைமை மட்டும் நமக்கு வேண்டாம்!